பதினேழு அடியும் ஓர் அங்குலமும்

நெரெய்தா பனியாகுவா தன் பழுப்பு நிறக் காரைத் திருப்பிக்கொண்டு உள்ளே நுழையும்போதெல்லாம் நூற்றெழுபத்தேழாம் தெரு பதினேழு அடி நீண்டது. மறுநாள் காலை ஆறரைக்கு அவள் வேலைக்குக் கிளம்பித் தெருமுனையைத் தாண்டியதும் பழைய அளவுக்குச் சுருங்கிக்கொண்டது. முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் எலிஜியோ அளவுநாடாவைப் பிடித்து மூன்று நாள் அளந்து பார்த்தார். மூன்று நாளும் பதினேழுதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த வாரம் மூலைக்கடையில் டாலருக்கு ஐந்து விற்ற வாழைக்காய் நான்காகிவிட்டது. தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள்.

நீட்சி ஏற்பட்டது எங்கள் ஐந்நூற்று அறுபத்து மூன்றாம் எண் கட்டடத்துக்கு நேர் முன்னால். ஆகவே கட்டடமும் கூடவே நீண்டது. பிற்பகல் மூன்று பத்துக்கு ஆறு மாடிகளிலும் நடைபாதைகள் சத்தமில்லாமல் பதினேழு அடி வளர்ந்தன. தெருவில் ஓரமாக நின்றிருந்த கார்களுக்கு நடுவே, சரியாக ஒரு கார் நுழையும் அளவுக்கு இடம் பிறந்தது. நெரெய்தா அதைக் கடந்து முன்னால் போய், ரிவர்ஸ் விளக்கைப் போட்டு, ஒரே திருப்பில் பின்னால் வந்து நிறுத்திவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மாடி ஏறிப் போனாள். யாங்கர்ஸில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. எல்லோருக்கும் இப்படித்தான் இடம் கிடைக்கிறது என்று முதல் ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இதைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் பலர். ஆனால் மில்சியாதெஸ் தவாரெஸ் எரிந்த அளவுக்கு வேறு யாரும் எரியவில்லை. அவர் எங்கள் கட்டடத்தின் சூப்பர், அதாவது பராமரிப்பாளர். கொதிகலன், குப்பை, குழாய், நடைபாதை எல்லாம் அவர் பொறுப்பு. அடித்தளத்தில் மனைவி ஒந்தினாவோடு குடியிருந்தார். ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகளாக அவருக்கிருந்த மரியாதை கொதிகலனால் வந்ததில்லை. திங்களும் வியாழனும் வடக்குப் பக்கம், செவ்வாயும் வெள்ளியும் தெற்குப் பக்கம், காலை எட்டரையிலிருந்து பத்து வரை தெரு பெருக்கும் வண்டி வரும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் நிற்கிற காருக்கு அபராத டிக்கெட். ஆகவே எல்லோரும் எதிர்ப்பக்கம் கொண்டுபோய் இரண்டாம் வரிசையில் நிறுத்திவிட்டு, வண்டி பெருக்கிவிட்டுப் போனதும் பழைய இடத்துக்குத் திரும்பப் பாய்வார்கள். வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? மில்சியாதெஸிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பதினொரு சாவிகள் அவர் இடுப்பில் தொங்கின. பதினொரு கார்களையும் அவரே நகர்த்தி, அவரே திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார். கூலி வாங்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதினொரு வீட்டிலிருந்தும் அடித்தளத்துக்குத் தட்டு வந்தது. இறைச்சி வைத்துப் பொரித்த பஸ்தேலித்தோ, வறுத்த சலாமி, ஆட்டுக்கறிக் குழம்பு. ஒந்தினா அந்தத் தட்டுகளைக் கழுவி, வெறுந்தட்டாகத் திருப்பாமல் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் வைத்து அனுப்புவாள்.

மாநகரம் சில பண்டிகைகளுக்குக் காரை நகர்த்தவேண்டாம் என்று விடுப்புத் தரும். அந்தப் பட்டியல் மில்சியாதெஸுக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம். யூதர்களின் பூரிம், கிரேக்கர்களின் புனித வியாழன், இரண்டு ஈத், சீனப் புத்தாண்டு. அவற்றில் என்ன செய்வார்கள், எதைச் சாப்பிடுவார்கள் என்றெல்லாம் அவருக்குத் தெரியாது, ஆனால் அத்தனை சாமிகளிடமும் அவருக்கு மெய்யான பக்தி இருந்தது. ஓர் ஐப்பசி மாதம் கொதிகலன் ஒழுகி, அடித்தளச் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டி கூழாகிவிட்டது. தீபாவளி எந்த நாள் என்று சந்தேகம் வந்தது. இரண்டாம் மாடியில் குடியிருந்த தமிழ்நாட்டு ஆளிடம் கேட்டார். அவன் கொஞ்சமும் யோசிக்காமல் திங்கட்கிழமை என்றான். அவன் ஊரில் திங்கட்கிழமைதான். மாநகரமோ வடக்கத்தியார் கணக்குப்படி செவ்வாய்க்கிழமையைப் பட்டியலில் போட்டிருந்தது. திங்கட்கிழமை காலை மில்சியாதெஸ் நிம்மதியாகக் காலை நீட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருக்க, பதினொரு கார்க் கண்ணாடிகளிலும் டிக்கெட் வைத்த ஆரஞ்சு நிற உறைகள் செருகப்பட்டன. அந்த இரண்டாம் மாடிக்காரன் நான்தான். முப்பத்தோரு ஆண்டுகளாக இங்கேதான் இருக்கிறேன். இந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொன்னதில்லை, மில்சியாதெஸைத்தான் சொன்னார்கள்.

சாவிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. அடுத்த மாதமே நெரெய்தா நான்காம் மாடிக்குக் குடிவந்தாள். தெரு அவளுக்காக நீண்டபோது, இன்னொரு காரியமும் நடந்தது: எண் ஐந்நூற்று அறுபத்தைந்தின் முன்னாலிருந்த தீயணைப்புக் குழாய் பதினேழு அடி தள்ளிப்போனது. அதற்கு மிக அருகில் நிறுத்திவிட்டதாகப் பயந்துகொண்டிருந்த இரண்டு பேர் மாலை நேரங்களில் சட்டப்படி சரியான இடத்தில் நிற்பவர்கள் ஆனார்கள். நன்றிக்கடனாக நெரெய்தாவுக்குத் தட்டுகள் போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டுக்கறி வாசனை அடித்தளத்து வாசலைத் தாண்டி, நிற்காமல் நான்காம் மாடிக்கு ஏறிப் போவதை மில்சியாதெஸ் துடைப்பத்தோடு நின்று முகர்ந்தார். ஒரு ஞாயிறு ஒந்தினாவே ஒரு தட்டு பஸ்தேலித்தோ எடுத்துக்கொண்டு மேலே போனாள். புதிதாக வந்தவளைப் பார்த்துவிட்டு வருவது முறை என்றாள். அன்று அவர் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்பார்கள். மில்சியாதெஸின் கண் தினமும் மூன்று பத்துக்கு அந்தப் பழுப்பு காரின் மேல் பட்டது. இரண்டு தடவை டயரில் காற்று இறங்கியதே தவிர வேறொன்றும் ஆகவில்லை. அவருக்கு எரிச்சலை அதிகப்படுத்தியது நடைபாதைதான். அவள் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் ஒவ்வொரு மாடியிலும் பதினேழு அடி கூடுதலாகத் துடைக்கவேண்டியிருந்தது. ஆறு மாடிக்கு நூற்றிரண்டு அடி. டோமினோ ஆடுகிறவர்கள் எலிஜியோ கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் வந்து புலம்புவார்.

"இருவத்திரண்டு வருசம்யா! இந்தத் தெருவுல எந்தக் கார் எப்ப கெளம்பும், எது எப்ப வரும், எல்லாம் என் வெரல் நுனில. பனி கொட்டினா நான்தான் வழிச்சேன். எனக்காக இந்தத் தெரு நகந்திச்சா? பதினேழு அடி வேணாம். ஒரு இஞ்ச்? ஒரே ஒரு இஞ்ச்?"

"தெருவுக்கும் கண்ணு இருக்குல்ல தோன் மில்சி," என்பார் எலிஜியோ, தோன் என்ற மரியாதையை மட்டும் விடாமல். "உங்க மொகரையப் பாத்தா சுருங்கத்தான் தோணும்."

இப்படி இரண்டு வருடம் போயிற்று. பிறகு ஒரு வியாழக்கிழமை காலை, மூன்றாம் மாடி நடைபாதையின் அந்தக் கூடுதல் பகுதியில் வெந்நீர் வாளியை வைத்துவிட்டு மாற்றுத் துணி எடுக்கப் போனார். அதற்குள் நெரெய்தா வேலைக்குக் கிளம்பிவிட்டாள். வாளி இருந்த இடமே இல்லாமல் போயிற்று, வாளியும் போயிற்று. பிற்பகல் மூன்று பத்துக்கு நடைபாதை நீண்டதும் வாளி அதே இடத்தில் இருந்தது. தண்ணீரில் ஆவி பறந்தது. சோப்பு நுரையில் ஒரு குமிழிகூட உடையவில்லை. மில்சியாதெஸ் வாளியின் முன்னால் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தார். அவள் இல்லாத நேரத்தில் அந்த இடமும் இல்லை. இல்லாத இடத்தைத் தெரு பெருக்கும் வண்டி பெருக்க முடியாது. இல்லாத காருக்கு டிக்கெட் எழுத முடியாது. இந்த நகரத்திலேயே சிறந்த இடம் தன் வாசலுக்கு முன்னால் இருக்கிறது, அதில் ஒரு சமையல்காரி நிறுத்திக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் மூன்று மணிக்கே தன் பச்சை நிறப் பழைய காரை எடுத்துக்கொண்டு தெருமுனையில் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார். நெரெய்தா நுழைந்ததும் அவள் வால் பிடித்தே நுழைந்தார். தெரு நீண்டது, இடம் பிறந்தது, அவள் அதைக் கடந்து முன்னால் போய் ரிவர்ஸ் விளக்கைப் போட்டாள். விளக்கைப் போட்டவருக்கே இடம் சொந்தம் என்பது எங்கள் தெருவில் எழுதாத சட்டம். அதை மீறியவர்களை இத்தனை ஆண்டுகளாகக் கையைப் பிடித்து வெளியேற்றியவரே மில்சியாதெஸ்தான். அவர் தன் காரின் மூக்கை முன்பக்கமாகவே உள்ளே திணித்தார். டோமினோ மேசையில் காய் வைக்கத் தூக்கிய கை அப்படியே நின்றது.

நெரெய்தா கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள். "தோன் மில்சி, ரிவர்ஸ் லைட் போட்டேன்ல? பாத்தீங்கல்ல?"

"தெரு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா? மூக்கு நொழஞ்சவனுக்குத்தான் எடம்!" என்றார் மில்சியாதெஸ்.

அவள் வேறு இடம் தேடி முன்னால் போய் முனையைத் திரும்பினாள். உடனே தெரு சுருங்கியது, பச்சைக் கார் அதிலிருந்த ஆளோடு காணாமல் போயிற்று. சுற்றிவிட்டு அவள் திரும்ப நுழைந்ததும் தெரு நீண்டது, மில்சியாதெஸ் அதே வெற்றிச் சிரிப்போடு தோன்றினார். இடமில்லாமல் அவள் மறுபடி வெளியேற, மறுபடி மறைந்தார். இப்படி ஒன்பது சுற்று. "பேய் மாதிரி வர்றாரு, போறாரு. சிரிப்பு மட்டும் ஒரு மயிரளவு மாறலப்பா," என்றார் ஆட்டக்காரர்களில் ஒருவர். கடைசியில் எலிஜியோ பரிதாபப்பட்டுத் தன் வேனை எடுத்து நெரெய்தாவுக்கு இடம் விட்டார். அவளுக்கு ஐம்பது நிமிடம் வீணாயிற்று. மில்சியாதெஸுக்கோ அது ஒரே மூச்சில் முடிந்த ஆனந்தம். அவள் முகம் வாடி வாடி வந்து போனதை இடைவெளியே இல்லாமல் ஒன்பது தடவை பார்த்துவிட்டார்.

அந்த ஆனந்தம் அவரை விடவில்லை. மறு வாரத்திலிருந்து காலை ஆறேகாலுக்கே காப்பியும் கையுமாகப் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தார். பெருக்கும் நாள்களில் காருக்குள் உட்கார்ந்து வண்டிக்குக் காத்திருப்பது இங்கே எல்லோருக்கும் உள்ள பழக்கம், அதனால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. ஆறரைக்கு நெரெய்தா கிளம்புவாள். அவர் ஒரு வாய் உறிஞ்சுவதற்குள் மூன்று பத்து ஆகி, அவள் களைத்துப்போய், முட்டைக்கோஸ் வாசனையோடு தெருவுக்குள் வந்துகொண்டிருப்பாள். தன் காரணமாக நீண்ட இடத்தில் தனக்கே இடமில்லாமல் அவள் முகம் சுண்டுவதைப் பார்த்துக்கொண்டே அவர் அடுத்த வாய் உறிஞ்சுவார். காப்பி ஆறியதே இல்லை. டிக்கெட் எழுதும் அதிகாரி ஷஃபிகுல், சிட்டகாங்கைச் சேர்ந்தவர், நிதானமானவர். முதல் நாள் நெரெய்தா முனையைத் திரும்பிக்கொண்டிருந்தபோது ஓரக்கல்லிலிருந்து விலகிக் கோணலாக நின்ற பச்சைக் காருக்கு டிக்கெட் எழுத ஆரம்பித்து, எண்ணின் பாதியில் கார் மறைந்ததும், பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். நடந்ததைக் குறிப்பேட்டில் "வாகனம் நகர்ந்துவிட்டது" என்று பதிந்தார். அது ஒரு விதத்தில் உண்மை.

அந்த இடத்தை விட்டு மில்சியாதெஸ் காரை எடுக்கவே இல்லை. நல்ல இடம் கிடைத்தவன் காரை எடுக்கமாட்டான், கடைக்குப் பேருந்தில்தான் போவான் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நாலு வருடம் எடுக்காமலிருந்தவர் இவர் ஒருவர்தான்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ஒரே நேரத்தில் இரண்டு பேரும் போகிறார்கள், ஒரே நிமிடத்தில் இரண்டு பேரும் வருகிறார்கள். விஷயம் தெரியாத பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி துணி வெளுக்கும் கடையில் ஒந்தினாவின் காதில் போட்டுவிட்டாள். ஒந்தினா முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை செய்தாள். மத்தியானம் இரண்டு மணி வரை ஒரு கிழவியம்மாளோடு இருந்துவிட்டு வருவாள். பகலில் கணவர் எங்கே என்று அதுவரை அவள் யோசித்ததில்லை. அன்று மாலை அடித்தளத்திலிருந்து வந்த சத்தம் குழாய் வழியாக ஆறு மாடிக்கும் கேட்டது.

"அவ போறப்ப நீ போற. அவ வர்றப்ப நீ வர்ற. என் காதுல என்ன பூவா வச்சிருக்கேன்?"

"கார்லதான்டி உக்காந்திருந்தேன்."

"எங்க?"

"அதான்... இல்லாத எடத்துல."

"நல்லா இருக்கு மில்சி! ஊர்ல இருக்கற புருஷனுங்க பொய் சொன்னா ஓவர்டைம்னு சொல்வான், ஆஸ்பத்திரின்னு சொல்வான். நீ இல்லாத எடத்துல இருந்தேங்கற."

மறுநாள் அவளே காலையில் வந்து நின்று பார்த்தாள். நெரெய்தா கிளம்பினாள், கணவர் காரோடு மறைந்தார். சந்தேகம் தீர்ந்தது, ஆனால் பொறாமை தீரவில்லை. வேறு பெண்ணோடு போயிருந்தால்கூடப் புரிந்துகொண்டிருப்பாள். இவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நாளில் ஒன்பது மணி நேரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். தன் முகத்தை அவர் கடைசியாக எப்போது அப்படிப் பார்த்தார் என்று யோசித்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை. அது அவளுக்கு வலித்தது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. நெரெய்தாவுக்கு எங்கள் தெருவில் இடம் கிடைத்தால்தான் தெரு நீண்டபடி இருக்கும், மில்சியாதெஸ் காரைவிட்டு இறங்கி வீட்டுக்கு வரமுடியும். அவளுக்கு அடுத்த தெருவில்தான் இடம் கிடைத்தது என்றால், அவர் ஒரு கணம் தோன்றிச் சிரித்துவிட்டு அப்படியே போய்விடுவார். ஒரு வெள்ளிக்கிழமை போனவர் திங்கட்கிழமை மாலைதான் வந்தார். இடையில் கொதிகலன் அணைந்து கட்டடமே விறைத்தது. ஒந்தினாவின் ஐம்பத்து மூன்றாம் பிறந்தநாளும் போய்விட்டது. "இன்னிக்கு வெள்ளிதானே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார், கையில் காப்பி சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒந்தினா ஒரு காரியம் செய்தாள். வேலையிலிருந்து வந்ததும் இரண்டே முக்காலுக்குத் தெருவில் எங்கே ஓர் இடம் காலியாகிறதோ அங்கே போய், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நடுவில் நின்றாள். காலியிடத்தில் ஆள் நின்று பிடித்துவைப்பது இங்கே உண்டு, சட்டத்தில் இல்லை. வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஜன்னலை இறக்கித் திட்டினார்கள்.

"ஏம்மா, நீ என்ன காரா? நகரு!"

"கார் வருது."

"யாரு காரு?"

அந்தப் பெயரை மட்டும் அவள் வாயால் சொல்லமாட்டாள். வெயிலிலும் நின்றாள், கணுக்கால் வரை பனியிலும் நின்றாள். ஒரு தடவை ஒரு வேன்காரன் முழங்காலில் இடிக்கிற வரைக்கும் வந்து நிறுத்தினான், அப்போதும் நகரவில்லை. மூன்று பத்துக்குப் பழுப்பு கார் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒதுங்குவாள். நெரெய்தா முதல் நாள் நன்றி சொன்னாள். "உனக்காக ஒண்ணும் இல்ல," என்றாள் ஒந்தினா. அதற்குப் பிறகு நாலு வருடம் இரண்டு பேரும் பேசவில்லை. மில்சியாதெஸ் காரைவிட்டு இறங்கும்போது அவள் அடித்தளத்துக்குப் போய் அரிசி களைந்துகொண்டிருப்பாள். அவள் நின்ற நேரத்தில் அவர் இருந்ததில்லை, ஆகவே அவருக்கு இது தெரியவே தெரியாது. நெரெய்தாவுக்கு மறுபடியும் அதிர்ஷ்டம் அடிக்கிறது என்று நினைத்து மேலும் பொறாமைப்பட்டார்.

நாலு வருடத்தில் அவருக்கு ஏறத்தாழ ஒன்றேகால் வருடம் வயது குறைந்து நின்றது. மீசையில் நரை நின்ற இடத்திலேயே நின்றது. ஒந்தினாவுக்கு வாசிக்கும் கண்ணாடி வந்து, பிறகு அதைவிடத் தடித்த கண்ணாடி வந்தது.

ஐந்தாம் வருடத் தொடக்கத்தில் நெரெய்தாவுக்கு அலுத்துப்போனது. பென்சில்வேனியாவில் ஆலன்டவுன் என்ற ஊரில் அவள் அக்கா இருந்தாள். அங்கே வீட்டுக்கு முன்னாலேயே சொந்தமாகக் கார் நிறுத்தும் இடம், பெருக்கும் வண்டி கிடையாது. அடுத்த சனிக்கிழமை ஒரேயடியாகக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டாள். டோமினோ மேசை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தது. அவள் திரும்பி வராவிட்டால் தெரு திரும்ப நீளாது. எலிஜியோ மாலையிலேயே போய் மில்சியாதெஸிடம் சொன்னார்: "தோன் மில்சி, சனிக்கெழமைக்குள்ள காரை எடுத்துருங்க. அவ போயிட்டா நீங்க எங்க இருப்பீங்கன்னு சாமிக்குக்கூடத் தெரியாது."

மில்சியாதெஸ் கண்ணைச் சுருக்கிச் சிரித்தார். "நான் எடுப்பேன், அவ நொழைவா. அதுக்குத்தானே இந்த நாடகம்? நான் பாக்காத ஆலன்டவுனா!"

வீட்டுச் சாமான் ஏற்றும் லாரி வந்தபோதும் நாடகம் என்றார். நான்காம் மாடியிலிருந்து கட்டிலும் மெத்தையும் இறங்கியபோது, நல்ல செலவு செய்து நாடகம் போடுகிறாள் என்றார். அன்று விடுமுறை நாள், டிக்கெட்டும் இல்லை, வண்டியும் இல்லை, இருந்தும் காருக்குள் போய் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டார். நெரெய்தாவே கண்ணாடியைத் தட்டினாள். "எனக்கு இந்த எடம் வேணாம் தோன் மில்சி. சத்தியமா வேணாம். எறங்கிடுங்க." வேண்டாம் என்று சொல்கிறவளை இந்த நகரத்தில் யார் நம்புவார்கள்? அவர் வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

லாரி முதலில் புறப்பட்டுப் போயிற்று. நெரெய்தா தன் காரில் ஏறி எஞ்சினைக் கிளப்பினாள். அப்போது ஒந்தினா அடித்தளத்துப் படியேறி வந்தாள், மேலங்கியும் கைப்பையும் தலையில் முக்காடுமாக, தேவாலயத்துக்குப் போகிற கோலத்தில். பச்சைக் காரின் மறுபக்கக் கதவை மாற்றுச் சாவியால் திறந்து உள்ளே உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டாள், அதனால் தெரு முழுக்கக் கேட்டது.

"எறங்கு ஒந்தினா."

"மாட்டேன்."

"அடுப்புல எதாச்சும் வச்சிருக்கியா?"

"பீன்ஸ் வச்சிருக்கேன். கருகட்டும்."

"ஏய், அவ முக்கு திரும்பினா அவ்வளவுதான்டி. எப்ப வருவோம்னு எனக்கே தெரியாது."

"அப்ப தெரியுது உனக்கு! நாடகம்னு சொன்ன?"

மில்சியாதெஸின் குரல் உடைந்தது. "இருவத்தெட்டு வருசம் ஒந்தினா. எல்லாத்தையும் நான்தான் பாத்துக்கிட்டேன். ஒரு தடவை, ஒரே தடவை தேதி தப்பாப் போச்சு. எல்லாரும் சாவியப் புடுங்கிக்கிட்டாங்க. நேத்து வந்தவளுக்குத் தெரு நகருது. எனக்காக யாருமே ஒரு இஞ்ச் நகரல."

"நகரலதான்," என்றாள் ஒந்தினா. "நான் நகரவே இல்ல. நாலு வருசம் தெனம் ரெண்டே முக்காலுக்கு நடுத்தெருவுல நின்னேன். வேன்காரன் முட்டில வந்து இடிச்சான், நகரல. கண்டவன் கண்டபடி திட்டினான், நகரல. அவளுக்கு எடம் புடிச்சுக் குடுத்தேன். யாருக்காக நின்னேன்னு நெனச்ச?"

வானொலியில் யாரோ மழை வருமென்று சொல்லிக்கொண்டிருந்தார். மில்சியாதெஸ் அதை அணைத்தார். டோமினோ மேசைப் பக்கம் திரும்பி எலிஜியோவைப் பார்த்தார். எலிஜியோ தலையை ஆட்டினார்: ஆமாம், நின்றாள். அப்போதுதான் மில்சியாதெஸ் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கண்ணாடி தடித்திருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தார். பழுப்பு கார் மெதுவாக முனையை நெருங்கிக்கொண்டிருந்தது. ஹாரனில் கையை வைத்து அழுத்திக்கொண்டே எஞ்சினைக் கிளப்பினார். நாலு வருடம் கிளப்பாத எஞ்சின் நேற்றுத்தான் அணைத்ததுபோல் பற்றிக்கொண்டது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வெளியே வந்தார்.

ஹாரன் சத்தம் கேட்டு நெரெய்தா முனையிலேயே நின்றாள். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் தன் பதினேழு அடி காலியாகக் கிடப்பதைக் கண்டாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். லாரி அதற்குள் ஆற்றைத் தாண்டி நியூஜெர்ஸிக்குள் போயிருக்கும். கட்டில் அதில் இருந்தது, சட்டி பானை அதில் இருந்தது. அவள் ரிவர்ஸ் விளக்கைப் போட்டாள். பாதித் தெருவைப் பின்னாலேயே கடந்து வந்து, ஒரே திருப்பில் உள்ளே நிறுத்தி, ஓரக்கல்லிலிருந்து நாலு விரல் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினாள். லாரிக்காரனுக்குத் தொலைபேசியில் சொல்லித் திரும்ப வரச் சொன்னாள். இப்படி ஓர் இடம் கிடைத்தபிறகு யார் ஊரை விட்டுப் போவார்கள்? அக்கா இன்றைக்கும் கோபமாக இருக்கிறாள். எங்களுக்கு அதில் ஆச்சரியமாக எதுவும் தெரியவில்லை.

மில்சியாதெஸும் ஒந்தினாவும் இடம் தேடிச் சுற்றினார்கள். பிராட்வே வரை போய், பாலத்துக்கடியில் நுழைந்து, நூற்றெண்பத்தொன்றாம் தெரு வழியாக வந்தார்கள். இரண்டு பேரும் ஒன்றாகக் காரில் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. வழியெல்லாம் ஒந்தினா கிழவியம்மாளின் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள், அவர் உம் கொட்டினார். நாற்பது நிமிடம் கழித்து, பழக்கதோஷத்தில், எங்கள் தெருவுக்குள் திரும்பினார். எலிஜியோ கடை வாசலில் இருந்த டோமினோ மேசை லேசாக அசைந்தது, ஒரு காய் கவிழ்ந்தது. எலிஜியோ எழுந்துபோய் நாடாவை எடுத்துவந்தார். இரண்டு முறை அளந்தார். தெரு ஓர் அங்குலம் நீண்டிருந்தது.

பச்சைக் கார் மறுமுனையைத் தாண்டியதும் அது சுருங்கியது. மறு சுற்றில் வந்தபோது மறுபடி நீண்டது. எலிஜியோ நாடாவை உயர்த்திக் காட்ட, மில்சியாதெஸ் நடுத்தெருவில் காரை நிறுத்தி, பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்க, இறங்கி வந்து அந்த எண்ணைத் தன் கண்ணால் பார்த்தார். "பதினேழுல ஒண்ணுகூட இல்லையே," என்று யாரோ சொன்னதற்கு, "அது அடி, இது அங்குலம். கணக்கு தெரியாம பேசாத," என்று மட்டும் சொன்னார். கார் கடைசியில் ஏழு தெரு தள்ளிக் கிடைத்த ஓர் இடத்தில் நின்றது. பீன்ஸ் கருகித்தான் போயிருந்தது.

அதற்குப் பிறகு அவருக்கு நெரெய்தாவோடு சண்டை இல்லை. ஒந்தினா இரண்டே முக்காலுக்கு இப்போது நிற்பதில்லை, அந்த நேரத்தில் தூங்குகிறாள். பெருக்கும் நாள்களில் மூன்று பேர் அவரிடம் மறுபடி சாவி கொடுக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருவன், தீபாவளியைப் பற்றி மட்டும் என்னிடம் அவர் கேட்பதில்லை. எப்போதாவது அவருக்கு எங்கள் தெருவிலேயே இடம் கிடைக்கும். அன்றைக்கெல்லாம் ஒவ்வொரு மாடியிலும் நடைபாதை பதினேழு அடியோடு இன்னும் ஓர் அங்குலம் நீண்டிருக்கும். மாலையில் துடைப்பமும் வெந்நீர் வாளியுமாக வருவார். நெரெய்தாவின் பதினேழு அடியை முணுமுணுத்துக்கொண்டே துடைப்பார். அந்த ஓர் அங்குலத்தை இரண்டு முறை துடைப்பார்.